மல்டிகாஸ்ட் நேரம் லேப்டாப்புக்கு ஒத்துவராது

விடுதியாக மாறிய பங்களாவோ, கல்லூரி ஆய்வகமோ, காரைக்குடி வட்டாரத்தில் இப்போது வரும் புகார் ஒன்றுதான். கேமரா ரெக்கார்டரில் ஒரு நேரம், பில் போடும் லேப்டாப்பில் வேறு நேரம். "நேரச் சர்வர் வைத்து மல்டிகாஸ்ட் போட்டாச்சே, அப்புறம் ஏன்?" என்கிறார்கள். போட்டதில்தான் கோளாறு.

மல்டிகாஸ்ட் என்பது ஒரு குழுவுக்கு மொத்தமாகப் பாக்கெட் அனுப்புவது. அதை ரேடியோ மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: சர்வர் சொல்லிக்கொண்டே இருக்கும், லேப்டாப் வந்ததும் பிடித்துக்கொள்ளும் என்று. அப்படி நடக்காது. சர்வர் 224.0.1.1 என்ற முகவரிக்கு, யுடிபி 123ஆம் போர்ட்டில், வழக்கமாக 64 விநாடிக்கு ஒருமுறை நேரத்தைச் சொல்லும். யார் கேட்டார்கள் என்று அது பார்க்காது. தவறியதைத் திருப்பியும் சொல்லாது. அதைக் கேட்க லேப்டாப் அந்தக் குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது சுவிட்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாக்கெட் வந்துசேர எவ்வளவு தாமதம் என்பதும் தெரிய வேண்டும். அதற்காக லேப்டாப்பில் நேரத்தைச் சரிசெய்யும் நிரலான என்டிபிடி (ntpd) முதலில் சர்வரோடு நேரடியாகச் சில பாக்கெட் பரிமாறி அளந்துகொள்ளும்; பிறகுதான் சும்மா இருந்து கேட்கும். ஃபயர்வால் அந்தப் பதிலை மறித்தால் முதல் படியிலேயே நின்றுவிடும். கேபிளில் அளந்த தாமதத்தோடு வைஃபைக்கு மாறினால் கணக்கே தப்பு.

வைஃபையில் இது இன்னும் மோசம். முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டில் லேப்டாப்பைத் திறக்கிறார்கள். அந்தக் கனத்த சுவர்களைக் கடப்பதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும். வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு ஒப்புகை கிடையாது, போனால் போனதுதான். அதே ரவுட்டரில் ஒரு போன் மின்சேமிப்பில் தூங்கினாலும் போதும், ரவுட்டர் மல்டிகாஸ்ட் முழுவதையும் தேக்கிவைத்து டிடிஐஎம் பீக்கனுக்குப் பிறகே விடும். பீக்கன் என்பது ரவுட்டர் தன் இருப்பைச் சொல்லும் அறிவிப்பு, பொதுவாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒன்று. டிடிஐஎம் 3 என்றால், அதாவது மூன்று பீக்கனுக்கு ஒருமுறைதான் விடும் என்றால், 300 மில்லிவிநாடி வரை தேங்கும். லேப்டாப் அந்தத் தேக்கத்தைத் தன் கடிகாரப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். 128 மில்லிவிநாடிக்கு மேல் பிழை நீடித்தால் என்டிபிடி கடிகாரத்தைத் தாவவைக்கும். நன்றாக ஓடிய கடிகாரத்தை இப்படித்தான் கெடுத்துக்கொள்கிறோம்.

எதையும் தொடுமுன் பிழையின் அளவைப் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் நெட்வொர்க்கில் குற்றமில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருக்கின்றன; ஒன்று வன்பொருள் கடிகாரத்தை இந்திய நேரமாகவும் மற்றது யுடிசியாகவும் (UTC, உலகப் பொது நேரம்) படிக்கிறது. ஐந்தரை மணி என்பது 19,800 விநாடி. 1,000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் என்டிபிடி லாகில் எழுதிவிட்டு வெளியேறிவிடும். அது ஓடவே இல்லை என்பதைப் பார்க்காமல் ரவுட்டரை மாற்றுகிறவர்களை என்ன சொல்வது! தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் பெரிய பிழையை ஏற்க என்டிபிடியை '-ஜி' (-g) போட்டுத் தொடங்குங்கள்; இரண்டு இயங்குதளத்தையும் யுடிசிக்கு மாற்றுங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடுகளில் மாதக்கணக்கில் கிடக்கும் லேப்டாப்புக்கு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பல மாடல்களில் அது ஒயர் வைத்த 3 வோல்ட் சிஆர்2032. மாதத்துக்கு ஒரு நிமிடம் போலத் தள்ளிப்போனால் அது குவார்ட்ஸின் இயல்பு. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையே ஒரு நாளைக்கு 1.7 விநாடி.

பாக்கெட் வருகிறதா என்று பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் (tcpdump) பார்க்கும்போது '-பி' (-p) போடுங்கள். போடாவிட்டால் நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் வாங்கும், குழுவில் சேராமலே சேர்ந்தது போலத் தெரியும். 'ஐபி எம்ஏடிடிஆர்' (ip maddr) கட்டளை தரும் பட்டியலில் 224.0.1.1 இருக்க வேண்டும். பாக்கெட் வந்தும் ஏற்கவில்லையா? நேரம் நம் சர்வரிடமிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்ய ஒரு ரகசியச் சாவி உண்டு; சர்வரிலும் லேப்டாப்பிலும் சாவி எண், சாவி இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். சாவிச் சோதனையை அணைத்துவிடுவது தீர்வல்ல, நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் நேரத்தை மாற்ற வழிவிடுவது. சரியாக வந்துகொண்டிருந்து நான்கு நிமிடம் சொச்சத்தில் நின்றால், சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (யார் குழுவில் சேர்ந்தார்கள் என்று கவனித்து அவர்களுக்கு மட்டும் அனுப்புவது) இருக்கிறது, 'இன்னும் குழுவில் இருக்கிறீர்களா' என்று அவ்வப்போது கேட்கும் குவெரியர் இல்லை. 260 விநாடியில் உறுப்பினர் கணக்கு காலாவதியாகிறது. தூங்கி எழுந்த லேப்டாப் கேட்கவில்லையென்றால் என்டிபிடியை மறுபடி தொடங்குங்கள். தானாக இடைமுகங்களைத் தேட அதற்கு ஐந்து நிமிடம் வரை ஆகும்.

இவ்வளவு பாடும் நிலையாக நிற்கிற கணினிகளுக்கே தகும். வந்து வந்து போகிற லேப்டாப்பில், தயவுசெய்து, என்டிபிடிக்குப் பதில் குரோனி (chrony) என்ற நிரலைப் போடுங்கள். அது மல்டிகாஸ்ட் கேட்காது, கேட்கவும் வேண்டாம். அதன் அமைப்புக் கோப்பில் அதே சர்வரின் முகவரியை 'சர்வர்' (server) வரியில் 'ஐபர்ஸ்ட்' (iburst) சேர்த்துக் கொடுத்தால், இணைப்பு வந்ததும் தானே கேட்டு, போகவர ஆகும் நேரத்தையும் அளந்து, சில விநாடிகளில் சரிசெய்யும். 'மேக்ஸ்டெப் 1 3' (makestep 1 3) என்பது தொடங்கிய பின் முதல் மூன்று திருத்தங்களுக்கு மட்டும் ஒரு விநாடிக்கு மேற்பட்ட பிழையைத் தாவித் திருத்த அனுமதிக்கும். தூங்கி எழும் லேப்டாப்புக்கு 3க்குப் பதில் -1. பில் மென்பொருள் ஓடும்போது நேரம் பின்னால் தாவினால் பில் வரிசை குழம்பும் என்பதால், அங்கே 3 போதும். கடிகாரம் எவ்வளவு விலகி ஓடுகிறது என்ற கணக்கை வைத்திருக்கும் டிரிஃப்ட் கோப்பை அழிக்காதீர்கள், இணைப்பில்லாத நாட்களில் கடிகாரத்தைக் காப்பது அதுதான். கையால் நேரம் மாற்றுவதை இன்றோடு விடுங்கள். வெளியூர் போகும் லேப்டாப்பில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரையும் இரண்டாவது வரியாகச் சேர்த்துவிட்டு, 'குரோனிசி சோர்சஸ்' (chronyc sources) கொடுத்துப் பாருங்கள். ஒரு வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்தால் லேப்டாப் அந்தச் சர்வரைத்தான் பின்பற்றுகிறது.