கருங்காலியில் வில் செய்யலாமா?

பள்ளிக் கண்காட்சிக்காக ஐரோப்பிய இடைக்காலக் குறுக்குவில்லை மரத்தில் செய்யப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இருப்பதிலேயே கடினமான மரமாகப் பார்த்து, கருங்காலியில் செய்தால் என்ன?”

கருங்காலிக்கு வந்திருக்கும் வாழ்வைப் பார்த்தால் இந்தக் கேள்வி வியப்பில்லை. மாலையாகக் கழுத்தில் போட்டால் கடன் தீரும் என்று சொல்லியே விற்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு நம்மூர் மரங்களை வளைத்து, உடைத்து அளக்கும் ஆய்வுகளுக்குப் போனால் எவ்வளவோ நல்லது.

வில்லைக் குறுக்காகப் பொருத்தும் தண்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த, முறுக்கிக்கொள்ளாத எந்தக் கெட்டி மரமும் போதும். ஐரோப்பாவில் வால்நட், ஓக். நாணைப் பிடித்து விடுவிக்கும் உருளையை மான்கொம்பில் கடைந்தார்கள். நாணுக்கு, அதிகம் நீளாத ஆளி நார் அல்லது கஞ்சாச் செடியின் நார். சூட்சுமமெல்லாம் கைகளில்தான், அதாவது தண்டின் இருபுறமும் நீண்டு வளையும் வில் பகுதியில்தான்.

வில்லை வளைத்தால் அம்பு பறக்கும் திசையைப் பார்த்த முகம் இழுபடும். எய்பவரைப் பார்த்த முகம் நசுங்கும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும், ஆனால் அதே வளைவுக்கு மேற்பரப்பு இழைகள் 2 மடங்கு நீள வேண்டும். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு 2 மடங்குதான். இழைகளுக்குக் கூடுதல் சிரமம் இல்லை. குறுக்குவில்லின் கைகள் குட்டை. விசை வேண்டுமென்று அவற்றைத் தடிக்கவிட்டால் முறிந்துவிடும்.

முறிவு எங்கே தொடங்கும்? மரம் என்பது நெருக்கிக் கட்டிய ஸ்ட்ரா கத்தை போன்றது. நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். அழுத்தினால், ஏறக்குறைய அதில் பாதி விசையிலேயே குழாய்ச் சுவர்கள் மடங்கத் தொடங்கும். எய்பவர் பக்கம் மெல்லிய குறுக்குச் சுருக்கங்கள் தெரிந்தால் அந்த வில்லின் ஆயுள் எண்ணப்படுகிறது என்று பொருள்.

இங்கேதான் யூ மரம் என்னை மயக்குகிறது. ஊசியிலை மர வகைதான், ஆனால் அதன் செல்சுவர்களிலுள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் சற்றுச் சாய்ந்து, சுருள்போல ஓடுகின்றன. அதனால் அடர்த்தியான மரமாக இருந்தும் விறைப்பு குறைவு. நிறைய வளைந்து கொடுத்த பிறகே உடையும். அதோடு, மரத்தின் உள்ளே இருக்கும் வைரப்பகுதி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். வெளியே இருக்கும் வெள்ளைப்பகுதி இழுவிசையைத் தாங்கும். நம் தச்சர்கள் பூச்சி அரிக்குமென்று சீவி எறியும் அந்த வெள்ளையை வில் செய்தவர்கள் மெல்லிய அடுக்காக விட்டுவைத்தார்கள். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் நீள்விற்களில் இதைப் பார்க்கலாம்: முன்முகத்தில் வெள்ளை, உள்முகத்தில் வைரம். பட்டைக்கு அடியிலிருந்த ஒரே ஆண்டு வளையத்தை முன்முகம் முழுக்க அறுபடாமல் விட்டுவிட்டால் விரிசல் பிடிக்க விளிம்பே கிடைக்காது.

யூ மரத்துக்கு இயல்பாக வாய்த்த இந்த வேலைப் பிரிவினையைக் குறுக்குவில் கைவினைஞர்கள் பின்னர் தாங்களே கட்டியமைத்தார்கள். இழுபடும் பக்கம் விலங்கின் தசைநாண், நசுங்கும் பக்கம் கொம்பு, இடையில் பசை. ஒரே எடைக்கு இவை எஃகைவிடப் பல மடங்கு ஆற்றலைச் சேமிக்கும். ஆனாலும் 15ஆம் நூற்றாண்டில் எஃகுக் கைகள் பரவின. மழையில் பசை இளகும் தொல்லை அவற்றுக்கு இல்லை.

கருங்காலியின் கடினம் வில்லுக்கு உதவாது. விறைப்பான மரம் கொஞ்சம் வளைவதற்குள் முறியும் எல்லையைத் தொட்டுவிடும். கனமான கைகளோ அம்புக்குப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பங்கைத் தங்களை நகர்த்தவே செலவிடும். வாசகருக்கு என் பரிந்துரை மூங்கில். அதில் நார்கள் தோலருகேதான் மிக நெருக்கமாக இருக்கின்றன. தோல் பக்கத்தை அம்பு போகும் திசையில் வைத்து, உள்பக்கத்தை மட்டும் இழையுங்கள். தோலில் உளி படவே கூடாது.