கூரையில் பேனல் போட்டால் மட்டும் லாரி ஓடாது

மின்சார லாரிகளுக்குச் சார்ஜிங் நிலையம் போடுகிறேன் என்று போன வாரமும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். இந்த வருடத்தில் இவர் நான்காவது ஆள். சென்னை–பெங்களூரு சாலையோரம் ஒரு ஏக்கர் இடம், கடன் வாங்கிப் போட்ட 50 கிலோவாட் சோலார் கூரை, வாசலில் ‘முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரம்’ என்று பலகை. 240 கிலோவாட் சார்ஜரும் வந்து இறங்கிவிட்டது. “கரண்ட் பத்தல சார், இன்னும் கொஞ்சம் பேனல் போட்டா சரியாயிடுமா?”

ஆகாது. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 50 கிலோவாட்டுக்கு 200 யூனிட். 55 டன் மின் டிரெய்லரின் பேட்டரியே 300 யூனிட்டை ஒட்டி இருக்கும். நாள் முழுக்கக் காய்ந்தாலும் ஒரு லாரிக்குக்கூட முழுசாகத் தேறாது. தினம் பத்து லாரி, லாரிக்கு 250 யூனிட் என்றால் 600 கிலோவாட்டுக்கு மேல் பேனல் வேண்டும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வைத்தால் 60,000 சதுர அடி. ஒரு ஏக்கரே 43,560 சதுர அடிதான்.

யூனிட் வேறு, கிலோவாட் வேறு. யூனிட் என்பது மொத்த அளவு, கிலோவாட் என்பது ஒரு நேரத்தில் பாயும் வேகம். உச்சி வெயிலில் அந்தக் கூரை 40 கிலோவாட் கொடுத்தால் பெரிது. சார்ஜர் கேட்பதோ 240. மிச்சம் ஈபி லைனில்தான் வரவேண்டும். ஈபி போனால், பேனல் மின்சாரத்தை ஈபி லைனோடு இணைக்கும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது, அதில் கை வைக்காதீர்கள். இது தெரியாமல் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் ஓட்டி லாரிக்குச் சார்ஜ் ஏற்றும் இடத்தையும் பார்த்துவிட்டேன். வயிறு எரிகிறது.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கூரையிலேயே எல்லாம் விளையவேண்டும் என்ற நினைப்பைத்தான் விடச் சொல்கிறேன். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று சீசனில் ராத்திரியும் காற்றாலை சுற்றுகிறது. லாரி அதிகம் வந்து நிற்பதும் ராத்திரிதான். அந்த மின்சாரத்தை ஈபி கம்பி வழியே வாங்கலாம். இப்படி வேறிடத்து மின்சாரத்தை நேரடியாக வாங்குவதற்குத் ‘திறந்த அணுகல்’ என்று பெயர். 2022-இல் வந்த மத்திய அரசின் பசுமை ஆற்றல் திறந்த அணுகல் விதிகள், வாங்குபவருக்கு 1 மெகாவாட்டாக இருந்த தகுதி வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்துவிட்டன. கம்பிக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பலர் அதை மறக்கிறார்கள்.

இடம் பதியும் முன்பே ஈபி ஆபீசுக்குப் போங்கள். அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைன் எவ்வளவு தாங்கும், எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுக்கும் சுமைக்கு வாங்கும் டிமாண்ட் கட்டணம் பயமுறுத்தினால், மெதுவாக ஏற்றி வேகமாக இறக்கும் சேமிப்பு பேட்டரிக்கு விலை கேளுங்கள். காலை 9 முதல் மாலை 4 வரை கட்டணம் குறைவு என்பதால், டிரான்ஸ்போர்ட்காரர்களிடம் பேசி டிரைவர்களின் மதியச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். கூரையைக் கன்டெய்னர் இடிக்காத உயரத்தில் போடுங்கள். ஹைவே புழுதி பேனலில் படியும், விடிகாலையில் கழுவுங்கள்.

நான்காமவருக்கு இப்போது எச்.டி. விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தவணை ஓடத் தொடங்கிவிட்டது. தயவுசெய்து, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் யாராவது ஒரு மின் பொறியாளரிடம் லோடு கணக்கைக் காட்டுங்கள்.