நார்ம்: நியமமா, ஒப்பளவா?

நுண்ணறிவுச் சோதனை அறிக்கைகளில் வரும் ‘நார்ம்’ (norm) என்பது, ஒரு சோதனையை முன்கூட்டியே பெருந்திரளானோரிடம் நடத்தி வயது வாரியாகத் தொகுத்த மதிப்பெண் பரவலைக் குறிக்கும். மூல மதிப்பெண் தனித்து நின்று எதையும் சொல்வதில்லை. அது அவ்வயதினரின் பரவலில் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே நுண்ணறிவு ஈவு (IQ) ஆகிறது. டேவிட் வெக்ஸ்லர் 1939இல் வெளியிட்ட சோதனையின் வழிவந்த முறையில் சராசரி 100, மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 15.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘நோர்மா’. தச்சர் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் என்பது அதன் பொருள். ‘நார்மல்’ என்பதும் அவ்வேரில் கிளைத்ததே. தமிழில் எழுதப்படும் நியமம், நெறிமம் ஆகிய இரண்டுமே ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற விதியை நினைவூட்டுகின்றன. சோதனையின் நார்ம் விதிப்பதில்லை, ஒப்பிட மட்டுமே செய்கிறது என்பதால் ‘ஒப்பளவு’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன்.

மூளைக் காயமுற்றவரை மதிப்பிடும்போது இந்த வேறுபாடு வெறும் சொல்லாய்வாக நின்றுவிடுவதில்லை. காயத்துக்கு முன் 125 என்ற நிலையில் இருந்தவர் பின்னர் 100 பெற்றால், ஒப்பளவு அட்டவணை அவரைச் ‘சராசரி’ என்கிறது. அவரோ 95ஆம் நூற்றுமானத்திலிருந்து (நூற்றில் ஏறத்தாழ 95 பேரைவிட மேலான நிலை) 50ஆம் நூற்றுமானத்துக்கு இறங்கியிருக்கிறார். இங்கே ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய நிலையோடுதான். ஆனால் காயத்துக்கு முந்தைய சோதனை பெரும்பாலும் எவரிடமும் இருக்காது. எனவே கல்வி, தொழில் ஆகியவற்றைக் கொண்டும், எழுத்துக்கூட்டலுக்கு ஒத்துவராத ஒலிப்புடைய ஆங்கிலச் சொற்களை வாசிக்கச் செய்தும் முந்தைய நிலையை ஊகிக்கின்றனர். அத்தகைய பழைய அறிவு காயத்துக்குப் பின்னும் பெரும்பாலும் தங்கிவிடும் என்பதே இதன் அடிப்படை. (எழுதியபடியே பெரிதும் வாசிக்கப்படும் தமிழில் இந்த வழி எளிதில் கைகொடுக்காது.)

மொத்த ஈவும் ஏமாற்றலாம். சொல்லறிவு 110ஆக நிலைத்திருக்க, செயலாக்க வேகம் 78க்குச் சரிந்திருந்தாலும் கூட்டு மதிப்பெண் அந்தச் சரிவை மறைத்துவிடக்கூடும்; உடல்நலமுள்ளோரிடமும் இத்தகைய இடைவெளிகள் காணப்படுவதால், அந்த இடைவெளி எவ்வளவு அரிது என்பதையும் பார்த்தாக வேண்டும். தலைமுறைதோறும் மக்களின் சராசரி மதிப்பெண் உயர்ந்து வந்ததே ஃபிளின் விளைவு; அதனால் பழைய அட்டவணையைப் பயன்படுத்தினால் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளிகள் ஈவு உயர்ந்து தெரியும். அவ்வுயர்வு இழப்பின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

மூளைக் காயமுற்றோரைக் கொண்டே தொகுத்த தனி ஒப்பளவும் உண்டு. அது, காயமுற்றோரிடையே ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லுமே தவிர, அவர் எவ்வளவு இழந்தார் என்பதைச் சொல்லாது. ஆகவே அறிக்கையில் ஈவை எழுதுபவர், எந்த ஆண்டின், எந்தக் குழுவின் ஒப்பளவு அது என்பதையும் அருகிலேயே எழுத வேண்டும்.