கெட்டில்பெல்லைக் கையால் தூக்காதீங்க

தர்மபுரியில் பிசியோவாக இருக்கிறேன். ஸ்கூல் போட்டிகள் நெருங்கினால் ஹேண்ட்பால் ஆடும் பிள்ளைகள் முழங்கால், தோள் என்று வருவார்கள். இந்த வருஷம் அடிமுதுகும் சேர்ந்துகொண்டது. கேட்டால், போனில் வீடியோ பார்த்து கெட்டில்பெல் ஸ்விங் போட்டேன் சார் என்கிறார்கள். கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதைப் பிடித்துக் கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு, இடுப்பை உந்தி முன்னால் ஆட்டுவதுதான் ஸ்விங்.

கெட்டில்பெல் மேல் தப்பில்லை. ஹேண்ட்பாலில் 40 மீட்டர் நீளக் களத்தில் ஓடி, சட்டென்று நின்று திரும்பி, பந்தோடு மூன்றே அடி வைத்து, கோலுக்கு முன்னால் இருக்கும் 6 மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கமே எம்பி, கால் தரையில் படுமுன் பந்தைக் கோலுக்கு எறிய வேண்டும். அந்த வேகம் காலிலும் இடுப்பிலும் கிளம்பித்தான் தோளுக்கு வருகிறது. ஸ்விங் பழக்குவதும் அதே இடுப்பைத்தான்.

பிள்ளைகளோ உட்கார்ந்து எழுந்து கையால் தூக்குகிறார்கள். போன வாரம் வந்த பிளஸ் ஒன் பெண் 12 கிலோவை ஆட்டிக் காட்டினாள், முதுகு கூன் போட்டிருந்தது. மாப் குச்சியை எடுத்து அவள் முதுகில் நெட்டாக வைத்தேன்: பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு, குனியும்போதும் மூன்றிலும் குச்சி ஒட்டியிருக்க வேண்டும். "ரெண்டு கையிலும் குடம் இருக்கு, கதவை இடுப்பாலேயே பின்னாடி இடிச்சுச் சாத்து" என்றேன். ஐந்தாறு தடவை குச்சி விலகியது. அப்புறம், "சார், தொடைக்குப் பின்னாடி இழுக்குது" என்றாள். சரி, அங்கேதான் இழுக்க வேண்டும். அதன் பிறகே 8 கிலோவைக் கையில் கொடுத்தேன்.

பத்து ஸ்விங், நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பத்து, இப்படி ஐந்து சுற்று, வாரம் இரண்டு நாள் போதும். முதுகு வளைய ஆரம்பித்தால் எண்ணிக்கை பாக்கி இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வலி இருப்பவர்கள் முதலில் காட்டிவிட்டு வாருங்கள்.

பி.இ.டி. சார்களுக்கு ஒன்று. ஸ்விங் போட்டால் சுறுசுறுப்பு தானாக வந்துவிடாது. அது இன்ஜினுக்கு, பிரேக்கைத் தனியாகப் பழக்க வேண்டும். முழங்கால் ஜவ்வு பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, ஒற்றைக் காலில் இறங்கும்போதும் சட்டென்று வெட்டித் திரும்பும்போதும்தான் கிழிகிறது, பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். அதனால் எம்பி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று எதிரில் நின்று பாருங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, கம்பி வளைத்து, சொந்தமாகச் செய்துகொண்டு வந்தான். புத்திசாலிதான், ஆனால் ஆட்டும்போது கம்பி கழன்றால் எதிரில் நிற்பவன் கதி? ஒரு கையில் பிடித்துச் சாயாமல் நடக்க மட்டும் வைத்துக்கொள் என்றேன்.

அந்தப் பெண் நேற்றும் வந்து, 12 எப்போ சார் என்றாள். குச்சியை எடுத்து வா என்றேன்.