மாசிக்காய் மையும் ஜான் மார்ஷலோட லெட்டரும்

1803 ஜனவரில ஜான் மார்ஷல் ராலே ஊர்ல இருந்து தன் மனைவி பாலிக்கு ஒரு லெட்டர் எழுதுறார். பாக்கெட் நைஞ்சு அது வழியா 15 வெள்ளி டாலர் விழுந்துடுச்சு, பெட்டியைத் திறந்து பார்த்தா கால்சட்டை எடுத்து வைக்கவே இல்ல, இந்த ஊர்ல ஒரு டெய்லரும் உடனே தைச்சுத் தர மாட்டேங்கறாங்கன்னு. எழுதினவர் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி. அடுத்த மாசமே மார்பரி வழக்குல, அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னதும் இவர்தான். அப்பல்லாம் சுப்ரீம் கோர்ட் நீதிபதிங்களே ஊர் ஊரா போய் சர்க்யூட் கோர்ட் நடத்தணும், வீட்டுக்கு சேதி சொல்ல லெட்டரை விட்டா வேற வழி கிடையாது. தீர்ப்புல தெரியாத மனுஷன் இதுல தெரியறார், அதனாலதான் இந்த மாதிரி லெட்டரைத் தேடித்தேடி சேர்க்கறாங்க.

சரி, ஒண்ணு கைக்கு வந்தா அது அசல்தானான்னு எப்படி சொல்றது? பெரும்பாலும் மையே சொல்லிடும்.

அந்தக் காலத்து மைக்கு மூலப்பொருள் நம்ம நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும். மாசிக்காய், குழந்தைக்கு உரை மருந்துல உரசிக் கொடுப்போமே அதேதான். உண்மையில அது காயே இல்ல, ஓக் மரத்துல ஒரு சின்ன குளவி முட்டை வச்ச இடத்துல மரம் உருண்டையா வீங்கிக்கறது, உள்ள முழுக்க டானின்ங்கற துவர்ப்புப் பொருள். அதை இடிச்சு ஊற வச்சு, வடிகட்டி, அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) கொஞ்சம் கருவேலம் பிசின் மாதிரி ஒரு பிசினும் சேர்த்தா மை ரெடி. நானும் செஞ்சு பார்த்தேன், எழுதும்போது வெளிறின சாம்பல் கலர்ல இருந்துச்சு, காலைல எழுந்து பார்த்தா நல்ல கருப்பு. அன்னபேதில இருக்கற இரும்பு டானினோட சேர்ந்து முதல்ல தண்ணில கரையற நிலையிலயே இருக்கும், அதனால பேப்பரோட நாருக்குள்ள இறங்கிடும், அப்புறம் காத்துல உள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்து கரையாத கருப்புப் பொருளா அங்கயே உறைஞ்சிடும். கழுவி அழிக்க முடியாது, சுரண்டித்தான் எடுக்கணும், பத்திரம் எழுத இதைத் தேர்ந்தெடுத்ததுக்கு அதுதான் காரணம்.

போலி செய்யறவங்களுக்கு பழைய பேப்பர் கிடைக்கறது கஷ்டமே இல்ல. 19ஆம் நூற்றாண்டுல பிலடெல்பியால ராபர்ட் ஸ்பிரிங்னு ஒருத்தர் பழைய புத்தகத்தோட வெத்துப் பக்கத்தைக் கிழிச்சு, காபில கறையாக்கி, ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்தை எழுதி வித்தார். ஆனா பழைய பேப்பர்ல மை ஊறாம இருக்க மேல பூசியிருந்த ஜெலட்டின் வயசாக ஆக செத்துப்போயிடும், புது மை வச்சா ஓரமெல்லாம் கசியும். முக்கியமா மடிப்பைப் பாருங்க. அசல்ல எழுதி முடிச்சு அப்புறம்தான் மடிச்சிருப்பாங்க, மைக்கோடு மடிப்புல சுத்தமா வெட்டுப்பட்டிருக்கும். பழைய மடிப்பு மேல புதுசா எழுதினா, நார் பிரிஞ்ச அந்த வெடிப்புக்குள்ள மை ஓடி சீப்புப் பல் மாதிரி நிக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும்.

அகச்சிவப்பு கேமராவும் உதவும். இந்த இரும்பு மை 1000 நானோமீட்டர் பக்கம் போனா கிட்டத்தட்ட மறைஞ்சே போயிடும், கரிப்பொடில செஞ்ச கார்பன் மை அப்படியே கருப்பா நிக்கும். புற ஊதா லைட்டுல பேப்பர் நீல வெள்ளையா பளபளன்னு மின்னுச்சுன்னா சந்தேகப்படலாம், ஏன்னா அப்படி மின்ன வைக்கற வெளுப்பு ரசாயனம் 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், மார்ஷல் காலத்துப் பேப்பர் பழைய லினன், பருத்தித் துணிலேந்து செஞ்சது.

ஆனா எனக்கு மனசு கஷ்டப்படறது வேற விஷயத்துக்கு. அசல்னு நிரூபிக்கிற அதே மைதான் லெட்டரைத் தின்னவும் செய்யுது. டானினோட சேராம மிஞ்சின இரும்பு பேப்பர் நாரா இருக்கற செல்லுலோஸ் சங்கிலியை அறுத்துக்கிட்டே இருக்கும், கூடவே அன்னபேதிலேந்து மைல உண்டாகற கந்தக அமிலமும் அரிக்கும். முதல்ல எழுத்து பழுப்பாகும், அப்புறம் பின்பக்கம் தெரியும், கடைசில எழுத்து இருந்த இடமே உதிர்ந்து ஓட்டையாயிடும். ஈரப்பதம் ஏறுனா இன்னும் வேகம். இதுக்கு 1990கள்ல நெதர்லாந்துல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, தவிட்டுல இருக்கற ஃபைடிக் அமிலத்தோட கால்சியம் உப்புக் கரைசல்ல பேப்பரை முக்குவாங்க, அது அந்த உதிரி இரும்பைக் கட்டிப் போட்டுடும். முதல்ல ஒரு சின்ன டெஸ்ட் பேப்பரை ஈரமாக்கி எழுத்து மேல ஒத்துவாங்க, அது ரோஸ் கலரா மாறினா உதிரி இரும்பு இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம்.