ஒரே செல்லில் பழுப்பும் சிவப்பும்

கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆபத்தைக் கண்டறிய, கருப்பை வாயிலிருந்து சிறு தூரிகையால் வழித்தெடுத்த செல்களைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாகப் பரப்பி, இரண்டு புரதங்களுக்குரிய இரண்டு சாயங்களை ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பெரும்பாலான செல்கள் வெளிறிய நீலமாகத்தான் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களின் உடல் பழுப்பாக இருக்கும்; வேறு சிலவற்றில் உட்கரு மட்டும் சிவந்திருக்கும். ஆய்வு செய்பவர் இவற்றைப் பார்த்துவிட்டுக் கடந்து செல்கிறார். ஆனால் பழுப்பு நிற உடலுக்குள் சிவந்த உட்கரு கொண்ட ஒரு செல், ஆயிரக்கணக்கானவற்றுக்கு இடையே ஒரே ஒரு செல், கிடைத்துவிட்டாலும் அந்த மாதிரி ‘பாசிட்டிவ்’ என்று அறிக்கையில் ஏறிவிடும். செல்லின் வடிவம் கெட்டிருக்கிறதா, உட்கரு வீங்கியிருக்கிறதா என்றுகூட அவர் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்த ஒரு சோறு பானையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, தன்னைப் பற்றி மட்டுமே சொல்கிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது.

பழுப்பு நிறம் காட்டுவது பி16 என்ற புரதத்தை. சிவப்பு காட்டுவது கே.ஐ.-67 என்ற புரதத்தை. உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அறிய உதவும் இத்தகைய மூலக்கூறுகளை ‘பயோமார்க்கர்’ என்கிறார்கள். உயிர்க்குறிப்பான் என்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. ரத்தச் சர்க்கரையும் கிரியாட்டினினும் நமக்கு நன்கு பழகிய உயிர்க்குறிப்பான்கள். அவற்றைத் தனித்தனியாக அளந்து, அளவு கூடுதலா குறைவா என்றும் தனித்தனியாகவே பார்க்கிறோம். ஆனால் செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்ற முடிவுகளை நடத்தும் ஒழுங்குமுறைப் புரதங்களுக்கு இந்தப் பார்வை அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அவை ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வேலை செய்பவை என்பதால், ஒன்றின் அளவு மற்றொன்றின் அளவோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் பொருள் தருகிறது. பி16, கே.ஐ.-67 இரட்டைச் சாயச் சோதனையை அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக நான் கருதுகிறேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், தன் டி.என்.ஏ.வை முழுமையாகப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியெடுப்புக்குத் தேவையான மரபணுக்களை இயக்குவது ஈ2எஃப் என்ற புரதக் குடும்பம். ஓய்விலிருக்கும் செல்லில் ஆர்.பி. என்ற மற்றொரு புரதம் ஈ2எஃப்பைப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். வளரச் சொல்லும் செய்தி வெளியிலிருந்து வந்ததும், சைக்ளின்-டி என்ற புரதம் உருவாகி, சி.டி.கே.4, சி.டி.கே.6 ஆகிய நொதிகளுடன் சேர்ந்து, ஆர்.பி.யின் மீது பாஸ்பேட் தொகுதிகளை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய ஆர்.பி.யின் பிடி தளர, ஈ2எஃப் விடுபட, செல் பிரிதலை நோக்கி நகர்கிறது. பி16 புரதத்தின் வேலை இந்த சி.டி.கே. நொதிகளின் மீது ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்வது. அதாவது பிரிதலை நிறுத்துவது. சைக்ளின்களையும் சி.டி.கே.க்களையும் கண்டறிந்து செல் சுழற்சியின் இந்த ஒழுங்கை விளக்கிய லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கே.ஐ.-67 இதற்கு நேர் எதிரான செய்தியைத் தருகிறது. ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு ஆய்வுக்குழு 1983-இல் விவரித்த இந்தக் குறிப்பானுக்கு, அந்த நகரின் பெயரும் ஆய்வுத்தட்டில் அது கிடைத்த குழியின் எண்ணும் சேர்ந்து பெயராகிவிட்டன. பிரிதலுக்கான பயணத்தில் இருக்கும் செல்களின் உட்கருவில் இது இருக்கும். அந்தப் பயணத்திலிருந்து விலகி ஓய்வுக்குச் சென்ற செல்களில் இராது. ஆக, இயல்பான செல் ஒன்றில் பி16 மிகுந்திருந்தால் அது நின்றுவிட்ட செல், கே.ஐ.-67 இருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும் செல். ‘நில்’ என்ற கட்டளையும் ‘ஓடுகிறேன்’ என்ற பதிலும் ஒரே செல்லில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. இருந்தால், கட்டளை எங்கோ அறுந்துபோயிருக்கிறது.

அதை அறுப்பது பெரும்பாலும் எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸே காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸின் ஈ7 என்ற புரதம் ஆர்.பி.யைப் பற்றிச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. ஆர்.பி. இல்லாமல் ஈ2எஃப் தடையின்றி இயங்க, செல் பிரிந்துகொண்டே போகிறது. இயல்பான நிலையில் பி16 உற்பத்தியை மட்டுப்படுத்தி வைப்பதிலும் ஆர்.பி.க்குப் பங்குண்டு, அது போனவுடன் பி16 ஏராளமாகப் பெருகுகிறது. ஆனால் பி16 தடுப்பது ஆர்.பி.க்கு முந்தைய படியை. அடுத்த படியே இல்லாதபோது முந்தைய படியைத் தடுத்து என்ன பயன்? வெள்ளம் மடையை உடைத்துக்கொண்டு போன பிறகு வாய்க்கால் பலகையை இறக்குவதைப் போன்றது அது. கணையப் புற்றுநோய் உள்ளிட்ட பல புற்றுநோய்களில் பி16 காணாமல் போவதுதான் நோயின் அடையாளம் என்பதை நினைத்துப் பார்த்தால், அதே புரதம் மிகுதியாக இருப்பது கருப்பை வாயில் ஆபத்தின் அடையாளமாவது விந்தையாகத் தோன்றும். எந்தப் புரதமும் தானாக நல்லதோ கெட்டதோ அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. முதுமையடைந்து பிரிதலை நிறுத்திய செல்களிலும், கருப்பை வாயில் இயல்பாக உருமாறும் சில செல்களிலும் பி16 தென்படக்கூடும். மறுபுறம், அழற்சிக்குப் பின் ஆறிக்கொண்டிருக்கும் திசுவிலும், தோல்படலத்தின் அடியடுக்குகளிலும் கே.ஐ.-67 தாராளமாக இருக்கும். எச்.பி.வி. சோதனையை மட்டும் நம்பினால் வேறொரு சிக்கல்: தொற்று மிகப் பரவலானது, அதில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். செல்களை அரைத்துக் கரைசலாக்கி இரண்டு புரதங்களின் மொத்த அளவையும் மிகத் துல்லியமாக அளந்தாலும்கூட விடை கிடைக்காது. பி16 ஒரு செல்லிலிருந்தும் கே.ஐ.-67 வேறொரு செல்லிலிருந்தும் வந்திருக்கலாம். அளவைவிட இடம் முக்கியமாகும் சோதனை இது.

இரண்டு நிறங்களையும் குழப்பமின்றி ஏற்றும் உத்தி எளிமையானது, அழகானது. ஒவ்வொரு புரதத்தையும் அடையாளம் காண, அதன் மீது மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி ஒன்று தேவை. நோய் எதிர்ப்பு மண்டலம் தயாரிக்கும் இந்த எதிர்ப்பொருளை ஒரே வார்ப்பாகத் தேவையான அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியை 1975-இல் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் காட்டினார்கள். இரட்டைச் சாயச் சோதனையில் பி16-க்கான ஆன்டிபாடி எலியிலிருந்தும், கே.ஐ.-67-க்கானது முயலிலிருந்தும் வந்தவை. அடுத்த கட்டத்தில், எலி ஆன்டிபாடியை மட்டும் பற்றும் இரண்டாம் ஆன்டிபாடியோடு ஒரு நொதியும், முயல் ஆன்டிபாடியை மட்டும் பற்றுவதோடு வேறொரு நொதியும் பிணைத்து அனுப்பப்படுகின்றன. முதல் நொதி நிறமற்ற வேதிப்பொருளைப் பழுப்புப் படிவாக மாற்றும். இரண்டாவது, சிவப்பாக மாற்றும். விலங்கு வேறு என்பதால் நிறமும் வேறாகிறது. பி16 உட்கருவிலும் அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்திலும் இருப்பதும், கே.ஐ.-67 உட்கருவில் மட்டும் இருப்பதும் கண்ணுக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி.

ரத்தத்துக்கு வந்தால் இந்த வசதி போய்விடுகிறது. எந்தப் புரதம் எந்தச் செல்லிலிருந்து வந்தது என்ற தகவல் அங்கே கலைந்துவிட்டது. மிஞ்சுவது அளவு மட்டுமே. அந்த அளவை எடுப்பதும் எளிதன்று. ரத்தத்தில் ஆல்புமின் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் இருக்கிறது. செல்களுக்கிடையே அழற்சிச் செய்தி கொண்டுசெல்லும் இன்டர்லூக்கின்-6, உடல்நலத்தோடு இருப்பவரிடம் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம் மட்டுமே (ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இரண்டுக்கும் இடையே சுமார் ஆயிரம் கோடி மடங்கு வேறுபாடு. உலக மக்கள்தொகையைவிடப் பெரிய கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தேடுவதற்கு ஒப்பான வேலை அது.

ரத்தத்தில் மிகச் சிறு அளவில் உள்ள பொருளை ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கலாம் என்பதை இன்சுலினை வைத்து நிரூபித்தவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். அதற்காக யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார், பெர்சன் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அவர்கள் பயன்படுத்திய கதிரியக்கத்துக்குப் பதிலாக நொதியைப் பயன்படுத்தும் எலைசா முறை 1971-இல் ஸ்வீடனில் பிறந்தது. இன்று பரவலாக உள்ள ‘சாண்ட்விச்’ வகையில், குழியின் அடியில் ஒட்டிய ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்க, நொதியைத் தாங்கிய இன்னொரு ஆன்டிபாடி அதே புரதத்தின் வேறொரு பகுதியில் அமர்கிறது. இரண்டும் ஒரே புரதத்தில் பொருந்தினால்தான் நிறம் வரும். இங்கேயும் தீர்ப்பு இரண்டு சாட்சிகள் மீதே நிற்கிறது.

ஒரு குழிக்கு ஒரு புரதம் என்றால், முப்பது புரதங்களை அளக்க முப்பது பங்கு சீரம் வேண்டும். பச்சிளங்குழந்தையிடமிருந்தோ, பல ஆண்டுகளாக உறைநிலையில் காத்துவைத்த சிறு குப்பியிலிருந்தோ அவ்வளவு எடுக்க முடியாது. இதற்கு வந்த தீர்வு நிறமேற்றிய மணிகள். சில மைக்ரான் அகலமுள்ள பிளாஸ்டிக் மணிகளுக்குள் இரண்டு ஒளிர்சாயங்களைப் பத்துப் பத்து அளவுகளில் கலந்தால் நூறு வகை மணிகள் கிடைக்கும். ஒவ்வொரு வகையின் மேலும் ஒவ்வொரு புரதத்துக்கான ஆன்டிபாடி. எல்லாவற்றையும் ஒரே குழியில் கலந்து, மணிகளை வரிசையாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டால், ஒரு லேசர் ‘இது எந்த மணி’ என்று படிக்கும், மற்றொன்று ‘இதில் எவ்வளவு புரதம் ஒட்டியிருக்கிறது’ என்று படிக்கும்.

ஆனால் குழியில் கூட்டம் கூடக்கூட வம்பும் கூடுகிறது. கண்டறியும் ஆன்டிபாடிகள் அனைத்தும் ஒரே கரைசலில் மிதப்பதால், தன் இணையல்லாத மணியின் மேல் தவறி ஒட்டும் வாய்ப்பு புரதங்களின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போலப் பெருகும். நூறு புரதங்களைத் தாண்டி ஆயிரங்களுக்குப் போக, சாட்சிகளின் பேச்சு ஒத்துப்போகிறதா என்பதையே சரிபார்க்கும் வழி தேவைப்பட்டது. ஸ்வீடனின் உப்சாலாவில் உருவான அண்மை நீட்சி முறையில், ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய இரண்டு ஆன்டிபாடிகளிலும் குட்டையான டி.என்.ஏ. இழைகள் வாலாகக் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே புரதத்தின் மேல் அருகருகே அமர்ந்தால், வால்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, ஒரு நொதி அவற்றை நீட்டி முழு டி.என்.ஏ. துண்டாக்கிவிடும். தவறான இணையின் வால்கள் பொருந்துவதில்லை. எனவே அங்கே துண்டு உருவாவதில்லை. புரதத்தை எண்ணும் கடினமான வேலை, டி.என்.ஏ.வை எண்ணும் எளிய வேலையாக மாறிவிடுகிறது. தன்னார்வலர்களின் ரத்த மாதிரிகளையும் உடல்நலத் தகவல்களையும் சேமித்துவைக்கும் பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் திட்டத்தில் 54,219 பேரின் பிளாஸ்மாவில் ஏறத்தாழ 2,900 புரதங்கள் இந்த முறையில் அளக்கப்பட்டு, முடிவுகள் 2023-இல் வெளியாயின.

இவ்வளவு நுட்பமும் மாதிரி எடுத்த கைக்குக் கட்டுப்பட்டது. ரத்தத்தை உறையவிட்டுப் பிரிப்பது சீரம். உறையாமல் தடுத்துப் பிரிப்பது பிளாஸ்மா. உறையும்போது தட்டணுக்கள் தம்முள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளியே கொட்டுவதால், ரத்தநாள வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதம் சீரத்தில் பல மடங்கு கூடுதலாகத் தெரியும். அது நோயாளியின் நிலை அன்று, குழாயின் நிலை. பாஸ்பேட் ஏறிய புரதங்கள் இன்னும் மோசம். அறுவை சிகிச்சையில் ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே திசுவில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் தாறுமாறாகிவிடும். ஆர்.பி.யின் நிலையையே நேரடியாக அளக்காமல், அதன் வீழ்ச்சியின் தடயமான பி16-ஐத் தேடுவதில் உள்ள நடைமுறை நியாயம் இங்கே விளங்கும்: செல்லை நிலைப்படுத்திய பின் பி16 இருந்த இடத்திலேயே இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பல புரதங்களைச் சேர்த்து அளக்கும் முறைகள் தரும் எண்கள் பெரும்பாலும் ஒப்பீட்டு அளவுகள். ஒரு நிறுவனத்தின் கிட் தரும் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஆயிரம் புரதங்களை ஒரே நேரத்தில் சோதித்தால், தற்செயலாகவே சில டஜன் புரதங்கள் நோயோடு தொடர்புடையவை போலத் தோன்றும். ஆய்விதழ்களில் வெளியாகும் ‘புதிய உயிர்க்குறிப்பான்’ செய்திகளில் வெகு சிலவே மருத்துவமனை வாசலை எட்டுவதற்கு இது ஒரு காரணம்.

அந்த வாசலை எட்டியவற்றுள் பி16, கே.ஐ.-67 இணை ஒன்று. எச்.பி.வி. இருப்பது உறுதியான பெண்களில் யாரை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. பழுப்பும் சிவப்பும் ஒரே செல்லில் தென்பட்டவருக்கு, உருப்பெருக்கியால் கருப்பை வாயை நேரில் பார்த்துத் தேவையெனில் சிறு திசுத்துண்டு எடுக்கும் கால்போஸ்கோப்பி பரிசோதனை. அப்படி ஒரு செல்கூடத் தென்படாதவர்களில் பலர், வைரஸ் உடலில் இருந்தும், அந்தப் பரிசோதனை மேசையில் ஏறாமல், மறுசோதனைக்கு வர வேண்டிய தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம்.