பழைய போனை அன்றே கொடுத்துவிடாதீர்கள்

வாங்கி மூன்று நாட்களே ஆன போனை என் மேசைமேல் வைத்தார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். "தம்பி, பழையதைவிட இது மெதுவாக இருக்கிறது. எனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லையா?" என்று கேட்டார்.

கைபேசி பழுதுபார்க்கும் தொழிலில் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். ஆனால் ஒப்பிட்டுப் பதில் சொல்லப் பழைய போன் பெரும்பாலும் இருக்காது. எக்ஸ்சேஞ்சில் அன்றைக்கே போயிருக்கும். பேரனின் படங்களை இன்னும் புதுப் போனுக்கு மாற்றவில்லை என்பதால் டீச்சரின் கைப்பையில் அது பத்திரமாக இருந்தது.

இரண்டையும் ஒரே வைஃபையில் இணைத்து, வங்கிச் செயலியை ஒரே நேரத்தில் தொட்டேன். பழையது ரகசிய எண் கேட்டுக் காத்திருந்தது. புதியதில் வங்கியின் சின்னம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியில் '8 ஜிபி ரேம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் 4+4. ரேம் என்பது செயலிகள் ஓடும்போது போன் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். இதில் உண்மையான ரேம் 4 ஜிபிதான். மற்ற நான்கும், படங்களும் செயலிகளும் தங்கும் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதிலும் இந்தப் போனில் இருந்தது ஈஎம்எம்சி வகை. ஒற்றை வழிப் பாலத்தில் ஒரு பக்கத்து வண்டிகள் போன பிறகுதான் மறுபக்கத்து வண்டிகள் வர முடியும் அல்லவா? ஈஎம்எம்சி அப்படித்தான், எழுதும்போது படிக்காது. பழைய போனில் இருந்த யுஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒருசேரச் செய்யும். அதன் ரேமும் அசல் 6 ஜிபி.

"உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை டீச்சர்" என்றேன். அந்த முகத்தில் வந்த நிம்மதிக்காகவே இதை எழுதுகிறேன்.

புதுப் போனைப் பக்கத்து வீட்டுக்காரரின் போனோடு ஒப்பிடுகிறோம். சரியான அளவுகோல் நம்முடைய பழைய போன்தான். நம் வீட்டு டவர், நம் கண், நாம் திறக்கும் செயலிகள் எல்லாம் அதற்குப் பழக்கம். ஒரு வாரமாவது அதை வைத்திருங்கள்.

வீட்டில் சிக்னல் தடுமாறும் மூலையில் நின்று, இரண்டு போன்களிலும் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பேசிப் பாருங்கள். 5ஜி என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஜியோ 4ஜியின் துணையின்றித் தனித்தியங்கும் 5ஜி முறையில் இயங்குகிறது. ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியின் துணையோடு இயங்கும் முறையைப் பயன்படுத்துகிறது. இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும் போன்களும் சந்தையில் உள்ளன. உங்கள் சிம்முக்கு எது வேண்டும் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேமராவை வெயிலில் சோதிக்காதீர்கள். வெயிலில் எல்லாப் போனும் நன்றாகத்தான் எடுக்கும். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எடுத்துப் பாருங்கள். 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. அதனால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாட்கள் படங்களை வகைப்படுத்துவது, செயலிகளைப் புதுப்பிப்பது என்று போன் உள்ளுக்குள் ஓயாமல் உழைக்கும். சார்ஜ் வேகமாகத்தான் இறங்கும். ஐந்தாம் நாள் கணக்குப் பாருங்கள்.

அப்படியானால் டீச்சர் பழைய போனையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதன் அமைப்புகளைத் திறந்து பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியைக் காட்டினேன். 2022-இலேயே நின்றிருந்தது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அதில் அடைக்கப்படவே இல்லை. ஓய்வூதியம் வரும் கணக்கை அப்படிப்பட்ட போனில் வைத்திருக்க நான் சம்மதிக்க மாட்டேன். வாங்குபவர்கள் யாரும் கேட்காத கேள்வி இதுதான்: எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்? 2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024-இல் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். அவை விலை உயர்ந்தவை. ஆனால் விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கும் 6 ஆண்டுகள் அறிவித்தார்களே! பல மலிவு போன்களில் இது இரண்டு, மூன்று ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு பொதுவாக மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஈராண்டுக்கு முன் வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால், அந்த ஈராண்டும் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

டீச்சர் மகனை அழைத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போனார். மேலே கொஞ்சம் பணம் கொடுத்து, அசல் ரேம் 6 ஜிபியும் யுஎஃப்எஸ் சேமிப்பகமும் உள்ள, புதுப்பிப்புக் காலம் நீண்ட வேறு மாடலாக மாற்றிக்கொண்டார். அடுத்த வாரம் இரண்டு போன்களோடும் மறுபடி என்னிடம் வந்தார். பேரனின் படங்கள் அனைத்தும் வந்துவிட்டனவா என்று ஒவ்வொரு தொகுப்பாகத் திறந்து பார்த்தோம். வங்கிச் செயலி புதியதில் ஒழுங்காகத் திறந்தது. அதன் பிறகே பழைய போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்தோம்.